ஒரு துகளுக்கு ஒரே ஒரு பட்டை

பரிசோதனைக் கூடத்தில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டுகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. போன மாதம் 46 வயதுக்காரர் ஒருவர் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்டிஎல் 104தான் டாக்டர், கெட்ட கொழுப்பு பரவாயில்லைதானே?" என்று கேட்டார். ஒல்லியான உடம்பு, ஆறு வருடமாகச் சர்க்கரை. மொத்த கொலஸ்ட்ரால் 190, நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 260. அந்த 104ஐ நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. அதனால் கல்லீரல் அதை மற்றக் கொழுப்புகளோடு சேர்த்து நுண்ணிய உருண்டைத் துகளாக்கி ரத்தத்தில் அனுப்புகிறது. அந்த உருண்டை குலையாமல் பிடித்துக்கொள்வது அப்போ-பி 100, சுருக்கமாக அப்போ-பி, என்ற புரதம். ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் 150 அமினோ அமிலங்கள்கூடக் கிடையாது. இதில் ஒரே சங்கிலியாக 4,536! இவ்வளவு பெரிது, உள்ளே முழுக்கக் கொழுப்பு, போதாக்குறைக்கு ஒரு துகள் போல இன்னொன்று இருக்காது. அதனால் பல பத்தாண்டுகளாக இதன் முழு வடிவம் பிடிபடவே இல்லை. 2024 டிசம்பரில்தான் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனக் குழுவும் மிசோரி பல்கலைக்கழகக் குழுவும், துகள்களை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, நேச்சர் இதழில் தனித்தனியாக வெளியிட்டார்கள். ஒரு முனையில் உருண்டு திரண்ட தலை, அங்கிருந்து நீண்ட பட்டை ஒன்று துகளின் இடுப்பைச் சுற்றி வளைத்துப் போகிறது. பீப்பாய்க்கு இரும்புப் பட்டை போட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கொழுப்புத் துகள்களில் இருக்கும் மற்ற அப்போ புரதங்களில் பல ஒரு துகளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். அப்போ-பி தாவாது. கல்லீரலில் ஏறியது, துகள் அழியும்வரை அதிலேயே இருக்கும், ஒரு துகளுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே ரத்தத்தில் அப்போ-பி அளந்தால் ரத்தக்குழாயைக் கெடுக்கக்கூடிய துகள்கள் எத்தனை என்று எண்ணியது போலத்தான்.

எல்டிஎல் அளவு அப்படி இல்லை. அது அந்தத் துகள்களுக்குள் இருக்கும் சரக்கின் எடை, அதுவும் பல கூடங்களில் நேரடியாக அளக்காமல் கணக்குப் போட்டு எழுதுவது: 190இல் 34 கழித்து, 260ஐ ஐந்தால் வகுத்து வரும் 52ஐயும் கழித்தால் 104. ட்ரைகிளிசரைடு கூடுதலாக இருப்பவர்களுக்கு எல்டிஎல் துகள்கள் சிறுத்துப்போய், ஒவ்வொன்றும் குறைந்த கொலஸ்ட்ராலைச் சுமக்கும். எடை குறைவாகத் தெரியும், எண்ணிக்கை கூடியிருக்கும். சர்க்கரையும் வயிற்றுச் சதையும் உள்ள நம் ஆட்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். இவருக்கு அப்போ-பி பார்த்தோம், 124 வந்தது, கூடுதல்தான்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்றால், அப்போ-பியில் நேர்மின்னூட்டம் உள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. துகள்களைப் பிடித்து உள்ளே இழுக்கும் கல்லீரலின் எல்டிஎல் ஏற்பியைப் பற்றிக்கொண்டு ரத்தத்தை விட்டு வெளியேற உதவுவது அதுதான். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்துவிட்டால் அங்குள்ள எதிர்மின்னூட்டச் சர்க்கரை இழைகளில் ஒட்டிக்கொள்வதும் அதே பகுதிதான். ஒட்டிய இடத்தில் அடைப்பு தொடங்குகிறது. துகள் கூடக் கூட, ஒட்டும் வாய்ப்பும் கூடும்.

சிலருக்கு அப்போ-பி சங்கிலியின் 3500ஆவது இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளுட்டமின் இருக்கும். 4,536இல் ஒன்று மாறியதற்கே ஏற்பி அதைச் சரியாகப் பிடிக்காது, எல்டிஎல் பிறந்ததிலிருந்து தேங்கிக்கொண்டே வரும். உங்களுக்கு எல்டிஎல் 190ஐத் தாண்டியிருந்தால், வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தால், எண்ணெயை மட்டும் குறை சொல்லாமல் பிள்ளைகளுக்கும் தயவுசெய்து ஒரு தடவை ரத்தம் பாருங்கள்.

அப்போ-பி எல்லா ஊரிலும் பார்ப்பதில்லை, சரி. உங்கள் பழைய ரிப்போர்ட்டிலேயே மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழியுங்கள். அப்போ-பி சுமக்கும் சரக்கு மொத்தமும் அதில் வந்துவிடும், எல்டிஎல்லைவிட நம்பகமான கணக்கு. 100க்குள் எல்டிஎல் இருக்க வேண்டியவருக்கு இது 130க்குள் இருக்க வேண்டும். அவர் அங்கேயே போனை எடுத்துக் கழித்தார்: 156. அதைக் காட்டியதும் அவருடைய மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அப்போ-பிக்கு ரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறேன், வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுவிட்டே வரலாம்.