மதகு வேலையில் முதலில் வெட்டப்படும் செலவு

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு, குறுவைக்காக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. காவிரி டெல்டாவில் மதகு, நீரைத் தடுத்துப் பிரித்துவிடும் ரெகுலேட்டர், தடுப்புச்சுவர் என வாய்க்காலுக்குள் இறங்கிச் செய்ய வேண்டிய வேலைகள் பெரும்பாலும் இந்த நாலரை மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

மதிப்பீட்டுக்குக் கீழே விலை போட்டு டெண்டரை எடுத்த ஒப்பந்தக்காரரால் கம்பி, சிமென்ட் விலையையோ எம்-சாண்ட் லாரி வாடகையையோ குறைக்க முடியாது. எனவே அவர் கைக்கு முதலில் எட்டுவது சைட் இன்ஜினியரின் சம்பளம்தான். மூன்று வேலைகளுக்கு ஒருவர், அவரும் படிப்பு முடித்த கையோடு வந்தவர், சம்பளமோ பில் பாஸான பிறகு என்றால், அவர் ஏப்ரலில் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ கிளம்பிவிடுவதில் வியப்பில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

அஸ்திவாரம் தோண்டியபோது எங்கே ஊற்று அடித்தது, எந்த மூலையில் பழைய வாய்க்காலைத் தூர்த்த சேறு வந்தது, அதை எந்த ஆழம் வரை எடுத்துவிட்டு மணல் நிரப்பினார்கள் என்பதெல்லாம் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் மேலே போட்ட கான்கிரீட்டைத்தான் பார்க்கிறார்.

கம்பிக்கான கவர், அதாவது கம்பியை வெளியிலிருந்து மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம், இன்னும் நுட்பமான விஷயம். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் கட்டுமானத்தை கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. மதகு அப்படிப்பட்டதுதான். மேற்பார்வைக்கு ஆள் இல்லாத நாளில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளிக்காக வைக்கும் கவர் பிளாக் தீர்ந்துபோனால் மேஸ்திரி ஜல்லிச் சில்லை வைத்துச் சமாளிப்பார். கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் ஓடியதும் சில்லு நழுவி, கம்பி சென்ட்ரிங் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். பலகையைப் பிரித்த பிறகு சுவர் வழவழப்பாகவே தெரியும். கான்கிரீட்டைக் கனசதுரமாக வார்த்து வலிமை பார்க்கும் க்யூப் டெஸ்ட்டும் தேறிவிடும், ஏனென்றால் க்யூபுக்குள் கம்பி கிடையாது. சில ஆண்டுகளில் துரு வீங்கிக் கான்கிரீட் பெயரும்போது, பழுதுக்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்க வேண்டிய காலமும் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

உயிராபத்தும் இதே வழியில்தான் வருகிறது. வண்டல் மண்ணில் 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்கு முட்டு கொடுக்க வேண்டும்; இரவில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்று தண்ணீர் ஏறியிருந்தால், காலையில் ஆளை இறக்கலாமா என்று முடிவெடுக்க அனுபவமுள்ள ஒருவர் கரையில் நிற்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர்கள் மாதச் சம்பளத்தை பில்லோடு முடிச்சுப் போடாமல் கொடுத்து, ஜூன் வரை இருப்பவருக்கு ஒரு தொகையை முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்யலாம். மதகு வேலையில் ஒரு சுவரை இடித்துக் கட்டும் செலவைவிட அது குறைவு என்பது என் கணிப்பு. அலுவலகப் பொறியாளர்களும், ஒப்பந்தத்தில் தொழில்நுட்பப் பணியாளர் பெயர் எழுதியிருந்தால், கான்கிரீட் போடும் நாளில் அவர் சைட்டில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகே கலவைக்கு அனுமதி தர வேண்டும்.