கண்ணை எடுத்த பிறகு குழியை எப்படி நிரப்புகிறார்கள்?

ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், அது ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும் நோய் இது. கட்டி முற்றிவிட்டால், உயிரைக் காப்பாற்றக் கண்ணையே எடுக்க வேண்டிவரும்.

குழியை வெறுமனே விட்டுவிட முடியாது. பெரியவர்களின் கண்கோளம் சுமார் 7 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கிறது. அது போய்விட்டால் மேல் இமை உள்வாங்கும். குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. குழியைச் சுற்றியுள்ள எலும்பு சரியாக வளர, உள்ளே நிறைவாக ஏதாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முகத்தின் அந்தப் பக்கம் சிறுத்துப்போகும். அழகுக்காகச் செய்யும் வேலை என்று இதை ஒதுக்குவது தவறு என்பேன்.

அதனால் கண்ணை எடுத்த அதே அறுவையிலேயே, பொதுவாக 18 முதல் 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டையை உள்ளே வைக்கிறார்கள். அக்ரிலிக், சிலிகான், நுண்துளைகள் கொண்ட பாலிஎத்திலீன் எனப் பல வகை உண்டு. பவளத்திலிருந்து செய்யும் ஹைட்ராக்ஸிஅபடைட் உருண்டை 1980களில் வந்தது. நம் எலும்பில் உள்ள தாதுவும் ஏறக்குறைய இதேதான். அதன் துளைகளுக்குள் ரத்தக் குழாய்கள் புகுந்து வளர்ந்து, உருண்டையை உடலோடு பிணைத்துவிடுகின்றன.

கண்ணை அசைத்த தசைகளை இந்த உருண்டையோடு, அல்லது அதைப் போர்த்தியிருக்கும் திசுவோடு தைப்பார்கள். மேலே சவ்வை மூடித் தைத்துவிட்டால் உருண்டை வெளியே தெரியாது. 'பிள்ளை கண்ணு அசையுமா டாக்டர்?' என்று பெற்றோர் கேட்பதற்கு விடை இந்தத் தையலில்தான் இருக்கிறது. அசையும், ஆனால் மற்றக் கண் அளவுக்கு அசையாது.

நாம் வெளியே பார்க்கும் செயற்கைக் கண், உருண்டைக்கு முன்னால் பொருந்தும் அக்ரிலிக் ஓடு. வீக்கம் வற்ற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பிறகு குழியை அச்செடுத்து, நல்ல கண்ணை எதிரே பார்த்துக் கருவிழியின் நிறத்தைக் கையால் தீட்டுகிறார்கள். வெள்ளைப் பகுதியில் ரத்த நாளங்களுக்காகச் சிவப்பு நூலிழைகளைப் பதிப்பதும் உண்டு.

புற்று குழிக்குள்ளேயே பரவிவிட்டால் தசை, கொழுப்பு, சில சமயம் இமைகள்கூடப் போய்விடும். அப்போது நெற்றிப்பொட்டில் உள்ள தசையையோ தொடைத் தோலையோ கொண்டுவந்து குழியை மூட வேண்டியிருக்கும். அதன்மேல் சிலிகானில் செய்த கண்ணும் இமையும், எலும்பில் பதித்த டைட்டானியத்தோடு காந்தத்தால் ஒட்டி நிற்கும்.

குழந்தை வளர வளர, முன்னால் பொருத்திய செயற்கைக் கண்ணைப் பெரிதாக மாற்ற வேண்டும். பார்வையுள்ள ஒரே கண்ணுக்கு அடிபடாமலிருக்க, பவர் இல்லாவிட்டாலும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போட்டே ஆகவேண்டும்.