மூணாம் மாசம் போட்ட வாந்தி மாத்திரை

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் என் அறைக்குள் வரும் பைகளில் ஒரு வகையைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். ஜவுளிக்கடை மஞ்சள் பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஸ்கேன் படம், பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) எழுதிய தாய் சேய் அட்டை, மருந்துக்கடை ரசீது. அடியில் ரப்பர் பேண்ட் போட்டுக் காலி மாத்திரை அட்டைகள். குழந்தைக்கு மூன்று வயது ஆகப்போகும். கர்ப்பத்தில் போட்ட மாத்திரையின் அட்டையை மட்டும் வீட்டில் யாரோ பத்திரமாக வைத்திருப்பார்கள், வழக்குக்குச் சாட்சி போல.

இந்தப் பையனுக்கு இரண்டே முக்கால் வயது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "மா", "வா", "ஏய்" தவிர வேறு சொல் இல்லை. நான் கேட்பதற்கு முன்பே பாட்டி ஆரம்பித்துவிட்டார்.

"மூணாம் மாசத்துல வாந்தி வாந்தின்னு ஒரு மாத்திரையப் போட்டா மேடம். நான் அப்பவே வேண்டாம்னேன். ஒரு எலுமிச்சம்பழத்த மோந்துகிட்டுக் கிடந்திருக்கலாம்ல?"

மருமகள் நிமிரவே இல்லை. பையன் மூத்திரம் வருகிறதென்று காட்ட, பாட்டி அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தார்: "நெசமாவே அந்த மாத்திரதானா மேடம்?"

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இது அடிக்கடி வரும் கேள்வி. ஆனால் குடும்பமே உட்கார்ந்திருக்கும்போது வராது. கதவு சாத்திய பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் வரும்.

முதலில் அந்த வாந்தி மாத்திரையைப் பார்ப்போம். மசக்கைக்கு நம் ஊரில் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் டாக்ஸிலமின் என்ற மருந்தும் வைட்டமின் பி6-உம் சேர்ந்த மாத்திரை. அமெரிக்காவில் 1956 முதல் இது பெண்டெக்டின் என்ற பெயரில் விற்றது. 1961-இல் தாலிடோமைடு விவகாரம் வெடித்தது. அதுவும் மசக்கைக்குக் கொடுக்கப்பட்டதுதான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளர்ச்சியின்றியும், சிலர் காது உருவாகாமலும் பிறந்தார்கள். அதற்குப் பிறகு மசக்கை மாத்திரை என்றாலே உலகத்துக்குப் பயம். பெண்டெக்டின் மீது வழக்கு மேல் வழக்கு. பெரும்பாலான ஆய்வுகள் அதற்குச் சாதகமாக இருந்தும், கட்டுப்படியாகாமல் 1983-இல் நிறுவனம் தயாரிப்பையே நிறுத்தியது. பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. மாத்திரை கடையில் இல்லை, ஆனால் பிறவிக் குறைகளின் அளவு குறையவில்லை. கடும் வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த கர்ப்பிணிகள்தான் கூடினார்கள். 2013-இல் அதே இரண்டு மருந்துகளின் கூட்டுக்கு அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மறுபடி அனுமதி கொடுத்தது. ஒரு மாத்திரை இவ்வளவு பெரிய விசாரணையைத் தாண்டி வந்தது அபூர்வம்.

இத்தனையும் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. "மூத்தவ இருக்காளே, அவ வயித்துல இருக்கப்ப வாந்தி இல்லையா?" என்றுதான் கேட்டேன்.

"அவளுக்குத்தான் மேடம் அஞ்சு மாசம் வரைக்கும். இதே மாத்திரதான் போட்டேன்."

"அவ எப்படிப் பேசுறா?"

முதல்முறையாகச் சிரித்தார். "வாய மூட மாட்டா."

இந்தக் கேள்வியைப் பெரிய அளவில் கேட்டால் அதுதான் ஆராய்ச்சி. ஸ்வீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை எடுத்து, கர்ப்பத்தில் பாரசிட்டமால் போட்டதற்கும் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்), அறிவுத்திறன் குறைபாட்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்தார்கள். 2024-இல் வெளியான ஆய்வு அது. பொதுவாகப் பார்த்தபோது மாத்திரை போட்டவர்கள் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே தாயின் பிள்ளைகளை, அதாவது மாத்திரை போட்டபோது பிறந்ததையும் போடாதபோது பிறந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. குடும்பத்தின் மரபணு, தாயின் உடம்பு, எந்த நோய்க்காக மாத்திரை போட்டார் என்பதெல்லாம் சேர்ந்துகொண்டு மாத்திரையின் தலையில் விழுந்திருந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபரே பாரசிட்டமாலையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசியதும், அந்த வீடியோவை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிய தாய்மார்களுக்கெல்லாம் இந்த ஸ்வீடன் கதையைத்தான் சொன்னேன். கர்ப்பத்தில் கடும் காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதும் குழந்தைக்கு நல்லதல்ல.

இன்னொரு வேடிக்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் சத்து மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று அதைத் தென்னமரத்தடியில் வீசியவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சு வராததற்கும் அதையே குற்றம் சொல்கிறவர்கள் உண்டு. அதோடு கூட இருக்கும் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி நார்வேயில் 38,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. கருத்தரிக்கும் காலத்தையொட்டி அதை எடுத்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் மூன்று வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் ஏறக்குறைய பாதியாக இருந்தது. பாதுகாத்ததே அதுதான் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த வேண்டிய மாத்திரையும் இல்லை.

இங்கே நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்தக் கேள்வி வந்தாலே "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று சொல்வது வழக்கம். ஆறுதல் சொல்கிறோம் என்ற நினைப்பு. அப்படி ஒரு தாயிடம் கவரைத் திறக்காமலேயே சொன்னேன். மாமியார் பக்கத்தில் இருந்தார், தாய் தலையாட்டினார். மூன்றாவது தடவை தனியாக வந்தபோது தாலிக்கொடியைத் திருகிக்கொண்டே, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். நரம்பியல் மருத்துவர் எழுதியது, சோடியம் வால்ப்ரோயேட். பத்தாம் வகுப்பிலிருந்து வலிப்பு. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பின் மாத்திரையைக் கடுகு டப்பாவில் ஒளித்து வைத்துப் போட்டிருக்கிறார், கர்ப்பம் முழுக்க.

வால்ப்ரோயேட் விஷயத்தில் "ஒண்ணும் இல்லம்மா" என்பது பொய். கர்ப்பத்தில் அதை எடுத்தவர்களின் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பதினோரு பேருக்குப் பிறவிக் குறை வரலாம், பொதுவாக இது இரண்டு மூன்று பேருக்குத்தான். நூற்றுக்கு 30 முதல் 40 பேருக்கு நடப்பது, பேசுவது, படிப்பது ஆகியவற்றில் தாமதம் இருக்கலாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கிறது. மொழித்திறன் தனியாக அடிவாங்குகிறது என்பது நாங்கள் நேரில் பார்ப்பதும்கூட. டென்மார்க் பதிவேடுகளிலிருந்து 2013-இல் வந்த ஆய்வில், பொதுவாக 1.5 சதவீதமாக இருந்த ஆட்டிசம் இந்தக் குழந்தைகளிடம் 4.4 சதவீதம். பிரான்சில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசே இழப்பீட்டு ஏற்பாடு செய்தது.

அந்தத் தாயின் கேள்விக்கு "இருக்கலாம்" என்று பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது. சொன்னேன். அழுதார். பிறகு அவர் சொன்னதுதான் என்னைப் பதற வைத்தது: "அப்ப இன்னைக்கே நிறுத்திடுறேன் மேடம்."

நிறுத்தக்கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்று மருந்துகள் இருக்கின்றன. லாமோட்ரிஜின், லெவடிராசிட்டம் இரண்டும் கர்ப்பத்துக்கு எவ்வளவோ மேல். ஆனால் மாற்றுவதை நரம்பியல் மருத்துவர்தான், கருத்தரிப்பதற்கு முன்பே, படிப்படியாகச் செய்ய வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதே கதைதான். அதைப் பயந்து நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு சுரப்பு தேவை. அங்கே ஆபத்து மாத்திரையை விடுவதில்தான்.

அன்றிலிருந்து மருந்து விவரத்தைத் தாயிடம் தனியாகத்தான் கேட்கிறேன். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: மாமியாரை உட்கார வைத்துக்கொண்டு கர்ப்பகால மாத்திரையைப் பற்றிக் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது பாதி உண்மைதான்.

பேச்சைப் பாதிக்கக்கூடிய வேறு மருந்துகளும் உண்டு, ஆனால் பட்டியல் சின்னது. காசநோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி கருவில் இருக்கும் குழந்தையின் கேட்கும் நரம்பைக் கெடுக்கலாம். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினோயின் காதையும் மூளையையும் தாக்கும். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் டோபிராமேட்டால் உதடு, அண்ணப் பிளவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது. மருந்துக்கடையில் நோயைச் சொல்லி வாங்கிப் போட்டது என்றால் அதைத் தனியாகக் குறித்துச் சொல்லுங்கள், என்ன மாத்திரை என்றே தெரியாமல் போகிறது. இவையெல்லாம் பெரும்பாலும் பேச்சை மட்டும் தொட்டுவிட்டுப் போவதில்லை. காதிலோ முகத்திலோ மற்ற வளர்ச்சியிலோ தடம் இருக்கும், குழந்தைகள் நல மருத்துவர் அதைத் தேடுவார்.

மஞ்சள் பைக்காரப் பையனிடம் வெளிப்பார்வைக்கு அப்படி ஒரு தடமும் இல்லை. கார் பொம்மைகளை ஆட்டிசக் குழந்தைகள் சிலர் செய்வதுபோல வரிசையாக அடுக்கவில்லை, ஓட்டித்தான் விளையாடினான். என் முகத்தைப் பார்த்தான், வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினான். நான் முதுகுக்குப் பின்னால் மெதுவாக "ஸ்ஸ்" என்றேன். திரும்பவில்லை. மேசையைத் தட்டினேன், திரும்பினான்.

"காதெல்லாம் நல்லாக் கேக்கும் மேடம். அவங்க அப்பா பைக் சத்தம் தெருமுனையில வந்தாலே வாசலுக்கு ஓடுவான்" என்றார் பாட்டி.

பைக் சத்தம் கனமான, தாழ்ந்த ஒலி. ம, வ, உயிரெழுத்துகள் எல்லாம் அந்தப் பக்கம். ச, ஸ, த, ட போன்றவை மெல்லிய, உயர்ந்த ஒலிகள். உயர்ந்த ஒலி மட்டும் கேட்காத குழந்தை கூப்பிட்டால் திரும்பும், பைக்குக்கு ஓடும், "மா", "வா" சொல்லும். சோறு, தாத்தா, சட்டை எதுவும் வராது. வீட்டில் கைதட்டியும் தட்டை உருட்டியும் பார்த்துவிட்டு "காது கேக்குது" என்று முடிவு கட்டும் குடும்பங்கள் இங்கேதான் ஏமாறுகின்றன. பிறந்த ஒரு மாதத்துக்குள் காது சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. இவனுக்கு அந்தக் கணக்கில் இரண்டு வருடம் போயே போய்விட்டது. அதில் எத்தனை மாதம் மாத்திரைச் சண்டையில் போனது என்று கேட்கவில்லை. பாட்டியே சொன்னார், ஒன்றரை வயதிலேயே சந்தேகம் வந்ததாம். "இவ மாத்திரையப் போட்டுக் கெடுத்துட்டா, இனி என்ன பண்றதுன்னு விட்டுட்டோம்."

பெரா டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தேன். தூங்கும் குழந்தையின் தலையில் சின்ன மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, நரம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பது. வலிக்காது. கஷ்டம் ஒன்றுதான், குழந்தை தூங்க வேண்டும். காலை நாலு மணிக்கே எழுப்பிவிடுங்கள், பஸ்ஸில் தூங்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பணம் ஒரு தடை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. எனப்படும், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கவனிக்கும் மையம் எங்கே என்று கேட்டுப் போங்கள். கருவியால் பயன் கிடைக்காத அளவுக்குச் செவித்திறன் குறைந்திருந்தால், ஆறு வயதுக்குள் காக்ளியர் அறுவைச் சிகிச்சைக்கு (உள்காதில் கருவி பதிப்பது) முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வயது முக்கியம் என்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

முடிவு வந்தது. இரண்டு காதிலும் செவித்திறன் குறைவு, கருவி போட்டால் பிடித்துக்கொள்ளும் அளவு. அடுத்து நான் கேட்க வேண்டிய கேள்வி சொந்தத்தில் கல்யாணமா என்பது. "என் தம்பி மகதான்" என்றார் பாட்டி, கொஞ்சம் மெதுவாக. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கும் கல்யாணம், பிறவிச் செவித்திறன் குறைவுக்கும் அதற்கும் உள்ள உறவு மருத்துவத்தில் பழைய செய்தி. இவனுக்கு அதுதான் காரணம் என்று மரபணுச் சோதனை செய்யாமல் சொல்ல முடியாது, அதையும் அப்படியே சொன்னேன். மாத்திரையிலிருந்து இறக்கி வைத்த பழியை அடுத்த தலையில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒரு பதிலுக்குப் பிறகு அறையில் யாரும் மாத்திரையைப் பற்றிப் பேசவில்லை.

கருவி போட்டு ஏழெட்டு மாதம் இருக்கும். போன வாரம் பாட்டியிடமிருந்து போன்.

"மேடம், மிஷினு உய்யி உய்யின்னு விசிலடிக்குது. காது வளந்துருச்சாம்ல, அச்சு மாத்தணும்னு இவ சொல்றா. எப்ப வரட்டும்?"

பின்னால் பையன் எதற்கோ "தா, தா" என்று கத்திக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை காலையில் வரச் சொன்னேன்.