கிருமியே சமைத்துக்கொள்ளும் விஷம்

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்குக் காசநோய். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, சாயங்காலக் காய்ச்சல் வருவதில்லை, எடை 4 கிலோ கூடியிருக்கிறது. "சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அப்புறம் எதற்கு இன்னும் நாலு மாதம்? மாத்திரை ஒரே சூடு என்று அப்பா அலுத்துக்கொள்கிறார். சிறுநீர் வேறு ஆரஞ்சு நிறத்தில் போகிறது, பயமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தார். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று எழுதவில்லை. ஆனால் கேட்க வந்தது அதுதான் என்று தோன்றியது.

ஆரஞ்சு நிறத்தை முதலில் முடித்துவிடலாம். அப்பா சாப்பிடும் ரிஃபாம்பிசின் மருந்தே செங்கல் நிறம். அந்தச் சாயம் சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாவற்றிலும் இறங்கும். அது ரத்தமும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, பசி அடியோடு போனாலோ அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது கல்லீரல் சம்பந்தப்பட்டது. சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

நாலு மாதக் கேள்விக்கு வருவோம். அதற்குப் பதில் சொல்ல ரிஃபாம்பிசினை விட்டுவிட்டு, அதே மாத்திரைக்குள் நிறமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஐசோனியசிட் என்ற மருந்தைப் பிடித்துக்கொள்கிறேன். நுண்ணுயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை அது.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். காசநோய் தினம் அந்தத் தேதியில் வருவது அதனால்தான். சாதாரணக் குடல் பாக்டீரியா சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் வேண்டும். அவ்வளவு மெதுவாக வளர்வதற்கு ஒரு காரணம், அது கட்டிக்கொள்ளும் சுவர். மைக்கோலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பால் ஆன சுவர். ஒவ்வொரு மூலக்கூறிலும் 60 முதல் 90 கார்பன் அணுக்கள் வரை இருக்கும். நம் சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பெரும்பாலும் 16, 18தான்.

அந்தச் சுவரைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. சளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்துக் காயவைத்து, மேலே கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்ற வேண்டும். அடியில் சுடரைக் காட்டி ஆவி எழும்வரை சூடாக்க வேண்டும், கொதிக்க விடக்கூடாது. நான் கற்றுக்கொண்டபோது முதல் இரண்டு தகடுகளைக் கொதிக்கவிட்டுக் கெடுத்திருக்கிறேன். பிறகு 25 சதவீதக் கந்தக அமிலம். சளியில் இருக்கும் மற்ற எல்லாமே சாயத்தை விட்டுவிட்டு வெளுத்துப் போகும். கடைசியாக நீலச் சாயம். நுண்ணோக்கியில் பார்த்தால் நீலப் பரப்பில் அங்கங்கே மெல்லிய சிவப்புக் குச்சிகள். கந்தக அமிலம் கழுவியும் சிவப்பு போகவில்லை என்றால் அந்த மெழுகு எவ்வளவு கெட்டி என்று யோசித்துப் பாருங்கள். முக்கால்வாசி மருந்துகள் உள்ளே போகத் திணறுவதும் இந்தச் சுவரால்தான்.

ஐசோனியசிட் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. செய்யும் விதம்தான் அழகு.

இந்தப் பொருளை 1912இல் பிராக் நகரில் ஹான்ஸ் மேயர், யோசஃப் மாலி என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஆய்வுப் பட்டத்துக்காகத் தயாரித்தார்கள். காசநோய் அவர்கள் மனத்தில் இல்லை. தயாரித்தார்கள், எழுதிவைத்தார்கள், அவ்வளவுதான். ஏறத்தாழ 40 வருடம் அது யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. 1951, 52 வாக்கில் மூன்று மருந்து நிறுவனங்கள் ஒன்றையொன்று அறியாமல் இதில் வந்து முட்டின. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில் இதையும் இதன் நெருங்கிய உறவான இன்னொரு மருந்தையும் கொடுத்தபோது, எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் கிடந்தவர்கள் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார்கள். அவர்கள் வார்டில் நடனமாடும் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

வேலை செய்கிறது என்பது தெரிந்துவிட்டது. எப்படி என்பது புரிய இன்னும் 40 வருடம் ஆனது. முதல் துப்பு 1954இல் கார்ட்னர் மிடில்புரூக்கிடமிருந்து கிடைத்தது. காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நம் ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் நொதி பெராக்சைடை உடைப்பதால் வரும் நுரை அது. காசநோய்க் கிருமிக் கூட்டத்தின் மேல் ஒரு சொட்டு விட்டாலும் நுரைக்கும். ஆனால் ஐசோனியசிட்டுக்கு அடங்காத கிருமிகள் பலவற்றில் நுரை வரவில்லை. மருந்தில் பிழைத்த கிருமி ஏன் நுரைக்கும் திறனை இழக்க வேண்டும்? மருந்துக்கும் பெராக்சைடுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் 1992இல் வந்தது. யிங் ஜாங், ஸ்டூவர்ட் கோல் உள்ளிட்டோர், கேட்-ஜி என்ற அந்த நுரைக்கும் நொதிக்கான மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். மருந்துக்கு அடங்காத ஓர் உறவுக்காரக் கிருமிக்குள் அதைச் செருகியதும் மருந்து மறுபடி வேலை செய்தது. அதாவது, ஐசோனியசிட் மாத்திரையாக நாம் விழுங்கும்போது அது விஷமே இல்லை. சின்ன மூலக்கூறு என்பதால் மெழுகுச் சுவரைத் தாண்டிக் கிருமிக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே கேட்-ஜி அதைப் பிடித்து உடைக்கிறது. உடைந்த துண்டு எதையாவது பற்றிக்கொள்ளத் துடிக்கும். பக்கத்தில் என்.ஏ.டி. என்ற மூலக்கூறு இருக்கிறது, எல்லா உயிரணுக்களிலும் ஹைட்ரஜனைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கும் சுமைதூக்கி அது. துண்டு அதன் முதுகில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஜோடிதான் விஷம். கிருமியே தன் நொதியால் ஆக்கி, தன் கையிருப்புச் சரக்கையும் சேர்த்துச் சமைத்த விஷம்.

அது போய் உட்காரும் இடம் இன்ஹா என்ற இன்னொரு நொதி. மைக்கோலிக் அமிலத்தின் நீண்ட சங்கிலியை இழைக்கும் வேலையில் இதற்குப் பங்கு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஹைட்ரஜன் ஏந்திய என்.ஏ.டி. ஒன்று வந்து இன்ஹாவின் குழிக்குள் உட்காரும், ஹைட்ரஜனைக் கொடுக்கும், எழுந்து போகும். அடுத்தது வரும். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அது போல நம் ஜோடி அந்தக் குழியைப் பிடித்துக்கொள்கிறது. பார்ப்பதற்குப் பாதி என்.ஏ.டி. என்பதால் குழி அதை ஏற்றுக்கொள்கிறது. மீதிப் பாதி குழிக்குள் இறுக்கமாகப் பொருந்திக்கொள்வதால் லேசில் எழுந்திருக்காது. 1998இல் எக்ஸ் கதிர்ப் படத்தில் இந்த ஜோடி குழிக்குள் உட்கார்ந்திருப்பதையே பார்த்துவிட்டார்கள். இன்ஹா நின்றால் மெழுகு நிற்கும். மெழுகில்லாமல் வளரப் பார்க்கும் கிருமி செத்துப்போகும்.

நம் உடம்பில் கேட்-ஜி கிடையாது, மைக்கோலிக் அமிலமும் கிடையாது. அதனால் நம் உயிரணுக்களுக்குள் இந்த ஜோடி உருவாவதில்லை. பக்க விளைவுகள் வேறு வழியில் வருகின்றன. நரம்பு மரத்துப்போகாமல் இருக்க பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுப்பது அதற்காக.

கிருமி ஏன் கேட்-ஜியை வைத்துக்கொண்டிருக்கிறது, தூக்கி எறிந்துவிடலாமே என்று கேட்கலாம். அங்கேதான் அதற்குச் சிக்கல். காசநோய்க் கிருமி குடியிருப்பது நம் வெள்ளணுக்களுக்குள். அவை உள்ளே வந்தவற்றின் மேல் பெராக்சைடு போன்ற நச்சுகளைக் கொட்டிக் கொல்லப் பார்க்கும். அந்த மழைக்குக் கிருமி பிடிக்கும் குடை கேட்-ஜி. குடையை எறிந்தால் மருந்தில் பிழைக்கலாம், வெள்ளணுவிடம் அடி வாங்கும். நுரைக்காத கிருமிகளைக் கினி எலிகளுக்குள் விட்டபோது அவற்றால் பெரிய நோயை உண்டாக்க முடியவில்லை என்று 1950களிலேயே கண்டிருந்தார்கள். குடையை வைத்துக்கொண்டால் மருந்து கொல்லும்.

இந்த இக்கட்டிலிருந்து தப்பக் கிருமிகள் கண்டுபிடித்த வழி மிக நுணுக்கமானது. கேட்-ஜியில் 315ஆவது இடத்தில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம் திரியோனினாக மாறுகிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து: ஜி இருந்த இடத்தில் சி. செரினைவிடத் திரியோனின் கொஞ்சம் பருமன். நொதியின் வேலை நடக்கும் இடத்துக்குப் போகும் வாசல் அதனால் குறுகிவிடுகிறது. பெராக்சைடு சின்னது, நுழைந்துவிடும். ஐசோனியசிட் பெரியது, நுழையத் திண்டாடும். குடையும் தங்கியது, உயிரும் தங்கியது. ஐசோனியசிட்டுக்கு அடங்காத காசநோயில் உலகெங்கும் அதிகம் பார்க்கும் மாற்றம் இதுதான்.

இனிக் கணக்கு போடலாம். நுரையீரலில் காசநோய் தோண்டிய ஒரு குழியில் சுமார் 10 கோடிக் கிருமிகள் இருக்கும். ஐசோனியசிட்டுக்கு அடங்காத சடுதி மாற்றம் தோராயமாக 10 லட்சத்தில் ஒன்றுக்குத் தற்செயலாக நடக்கிறது. அப்படியென்றால் முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே அந்தக் குழியில் நூறு கிருமிகள் தப்பிக்கத் தயாராக இருக்கின்றன. ஐசோனியசிட் மட்டும் கொடுத்தால் மற்றவை செத்து, அந்த நூறுக்கு இடம் காலியாகும். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்த 1940களில் இதே மாதிரி நடந்தது. நோயாளிகள் தேறினார்கள், பிறகு பலருக்கு நோய் திரும்பியது, மருந்து கேட்கவில்லை. ரிஃபாம்பிசினுக்கு அடங்காதவை தோராயமாக 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒன்றாக அடங்காமல் இருக்க வாய்ப்பு கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் எந்த நோயாளியிடமும் இல்லை. ஒரே மாத்திரைக்குள் பல மருந்தை அடைத்துத் தருவது இதனால்தான். அதில் ஒன்றைச் சாப்பிட்டு ஒன்றை விட முடியாது.

சரி, ஆறு மாதம் ஏன்? ஐசோனியசிட் சுவர் கட்டும் கிருமியைத்தான் கொல்லும் என்றேன். வளர்ந்துகொண்டிருப்பவை முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் காலி. உங்கள் அப்பாவின் இருமலும் காய்ச்சலும் அடங்கியது அந்தக் கூட்டம் ஒழிந்ததால். ஆனால் சில கிருமிகள் வளராமல் உறங்குகின்றன. கட்டட வேலையே நடக்காத இடத்தில் கொத்தனாரைத் தடுத்து என்ன பயன்? அவற்றில் சில புளிப்பான சூழலில் ஒடுங்கியிருக்கும். அவற்றுக்கு முதல் இரண்டு மாதம் பைரசினமைடு கொடுக்கிறார்கள். அதையும் கிருமியின் சொந்த நொதிதான் விஷமாக்குகிறது! சில எப்போதாவது கொஞ்ச நேரம் விழித்துவிட்டுத் திரும்ப உறங்கும். விழிக்கும் அந்தச் சிறு நேரத்தில் ரிஃபாம்பிசின் பிடித்துவிடும், ஆனால் அப்போது ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டும். எது எந்த நாளில் விழிக்கும் என்று தெரியாது. அதனால்தான் மீதி நாலு மாதம். சளியில் கிருமி தெரியவில்லை என்றால், நுண்ணோக்கிக்குத் தெரியும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். வேறு மருந்துகளைச் சேர்த்து நாலு மாதத்தில் முடிக்கும் முறை ஒன்றும் 2021இல் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. அதை முதலிலிருந்தே அப்படித் தொடங்க வேண்டும், பாதியில் நிறுத்தி அங்கே போக முடியாது.

வீட்டில் இருந்தபடியே அப்பா இதையெல்லாம் சாப்பிட முடிவதற்கு சென்னைக்கு நன்றி சொல்ல வேண்டும். 1956இல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் படுக்கவைத்தார்கள், இன்னொரு பாதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரு பக்கமும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் அப்போது வழக்கத்தில் இருந்த பாஸ் என்ற மருந்தும். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான வீடுகளில், குறைவான சாப்பாட்டோடு, ஓய்வில்லாமல் இருந்தார்கள். ஒரு வருட முடிவில் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின. 1959இல் அந்த முடிவு வெளியானதும் உலகம் முழுவதும் சானடோரியங்களின் தேவை குறைய ஆரம்பித்தது. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. பிராகில் பட்டத்துக்காகச் செய்த ஒரு வேதியியல் வேலையும், சென்னையின் சின்ன வீடுகளில் பொறுமையாக எடுத்த ஒரு கணக்கும் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்திருக்கின்றன. இரண்டுமே உடனடி லாபம் காட்டக்கூடியவை இல்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசநோய்க்குப் புது மருந்து தேட நாம் செலவழிக்கும் பணம் அந்தப் பங்குக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பது என் அபிப்பிராயம். இன்னொன்று, பரம்பரை நோய், பாவத்தின் பலன், சம்பந்தம் பேசும் வீட்டில் சொல்லக் கூடாத விஷயம் என்று இதை மறைப்பது. காற்றில் வரும் ஒரு கிருமி, அதற்கு விலையில்லா மாத்திரை அரசு மருத்துவமனையில் இருக்கிறது. மறைத்து மறைத்துப் பாதியில் விட்டவர்களின் உடம்பில்தான் அந்த நூறு கிருமிகள் பெருகுகின்றன.

கடைசியாக, உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். மருந்து எதிர்ப்புப் பரிசோதனை செய்திருந்தால் அதில் கேட்-ஜி, இன்ஹா என்ற இரண்டு பெயர்கள் இருக்கக்கூடும். சளியிலிருந்து கிருமியின் மரபணுவை எடுத்து, அந்த 315ஆவது இடத்தில் செரினா திரியோனினா என்று ஒரு பட்டைத்தாளில் படித்துவிடுகிறார்கள். கேட்-ஜி மாறியிருந்தால் ஐசோனியசிட் அநேகமாக உதவாது, சிகிச்சையை மாற்றுவார்கள். இன்ஹா பக்கம் மட்டும் மாறியிருந்தால், பெரும்பாலும் கிருமி இன்ஹா நொதியை அதிகமாகச் செய்துவைத்திருக்கிறது என்று பொருள், அப்போது ஐசோனியசிட்டின் அளவைக் கூட்டிக் கொடுத்துப் பார்க்க முடியும். இரண்டு இடத்திலும் மாற்றம் இல்லை என்று இருந்தால், அப்பாவுக்குள் மிச்சமிருக்கும் கிருமிகளிடம் கேட்-ஜி வாசல் இன்னும் அகலமாகத்தான் திறந்திருக்கிறது. நாளைக் காலை மாத்திரை அதற்குள் போகும்.