இந்தக் கல் எந்தக் கொல்லையில் இருந்தது? படத்தோடு இடத்தைச் சேர்க்கும் ஜிபிஎஸ் லாகர்

என் கணினியில் ஒரு நடுகல்லின் படம் இருக்கிறது. செங்கம் பக்கம் ஒரு வேர்க்கடலைக் கொல்லையில், வரப்போரம் பாதி மண்ணுக்குள் புதைந்து நிற்கிற கல். வீரன் ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் குறுவாளுமாக நிற்கிறான், தலைக்கு மேலே வட்டெழுத்தில் மூன்று வரி. அந்தப் பக்கங்களில் வேடியப்பன் என்று கும்பிடுவார்களே, அந்த மாதிரிக் கல்தான். எடுத்து ஏழு வருடம் ஆகிறது. அன்றைக்கு ஐந்தாறு ஊர் சுற்றினோம், 300 படத்துக்கு மேல் எடுத்தேன், எது எந்த ஊர் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. வீரனின் காதணி கூடப் படத்தில் தெளிவாகத் தெரிகிறது, ஆனால் திரும்பப் போய் அந்த எழுத்தை மைப்படி (தாளை ஒற்றி மையால் எடுக்கிற நகல்) எடுக்கலாம் என்றால் கல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அதற்கப்புறம் வாங்கியதுதான் ஜிபிஎஸ் லாகர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா. கேமராவோடு அதற்கு ஒயரும் கிடையாது, புளூடூத்தும் கிடையாது. பையின் தோள்பட்டையில் மாட்டிவிட்டு நான் பாட்டுக்குப் படம் எடுக்கிறேன், அது பாட்டுக்குச் சில விநாடிக்கு ஒரு வரி எழுதிக்கொண்டே வருகிறது: இத்தனை மணிக்கு இந்த அட்சரேகை, இந்தத் தீர்க்கரேகை. கேமராவும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நேரத்தை எழுதிவிடுகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து இரண்டையும் கணினியில் போட்டால், இரண்டு பக்கமும் பொதுவாக இருப்பது நேரம் மட்டும்தான். அந்த நேரத்தை வைத்துத்தான் இடம் படத்துக்குள் போகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், எங்கே தப்பு வரும் என்பதும் புரியும்.

சரி, அந்த டப்பாவுக்கு இடம் எப்படித் தெரிகிறது? அதுவும் நேரத்தை வைத்துத்தான்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. "நான் இன்னார், இப்போது இங்கே இருக்கிறேன், என் நேரம் இது" என்று விடாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். நம் டப்பா எதையும் மேலே அனுப்புவதில்லை, கேட்பது மட்டும்தான் அதன் வேலை. அதனால் செல்போன் டவர் இல்லாத காட்டுக்குள்ளும் அது வேலை செய்யும். ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் வருகிறது, தலைக்கு நேர் மேலே இருக்கிற செயற்கைக்கோளிலிருந்து வரவே ஒரு விநாடியில் 15-ல் ஒரு பங்குதான் ஆகும். எவ்வளவு தாமதமாக வந்தது என்று அளந்தால் எவ்வளவு தூரம் என்று கிடைத்துவிடும். இந்த அளவில் ஒரு மைக்ரோவிநாடி, அதாவது விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரத்தில் 300 மீட்டர் பிசகும்.

அப்படியென்றால் டப்பாவுக்குள்ளும் அணுக்கடிகாரம் வேண்டாமா? வேண்டாம், ஜிபிஎஸ்ஸில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் சரியாகத் தெரிந்தால் நம் இடம் கிடைத்துவிடும், ஆனால் டப்பாவின் மலிவான கடிகாரம் தப்பு என்பதால் மூன்று தூரமுமே ஒரே அளவில் தப்பு. நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் தெரியாதவை நான்கு (இடத்துக்கு மூன்று எண், கடிகாரப் பிழைக்கு ஓர் எண்), சமன்பாடும் நான்கு. தீர்த்தால் இடமும் வரும், கடிகாரமும் சரியாகும். இதனால்தான் லாகர் எழுதுகிற நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

அந்தச் சமிக்ஞை பூமிக்கு வந்து சேரும்போது எவ்வளவு பலவீனம் என்றால், சுற்றியுள்ள மின்னணு இரைச்சலுக்கும் கீழே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் பத்து கண்டக்டர்கள் கத்துகிற சத்தத்திலும் "செங்கம் செங்கம்" என்று ஒரு குரல் வந்தால், அங்கே போக நிற்பவர் காதில் மட்டும் சட்டென்று விழும் இல்லையா, காது அதற்குத் தயாராக இருப்பதால். டப்பா செய்வதும் அதுதான். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துண்டு கொண்ட ஒரு தனி அடையாளக் கோவை உண்டு, விநாடிக்கு ஆயிரம் தடவை அது திரும்பத் திரும்ப வரும். அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, எந்த இடத்தில் பொருந்துகிறது என்று டப்பா தேடும். பொருந்திய இடமே தாமதத்தின் அளவு.

இன்னொன்று, செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை விநாடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. ஒரு முறை சொல்லி முடிக்கவே அரை நிமிடம், நடுவில் மரமோ சுவரோ மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. போனுக்கு இந்த விவரம் இணையம் வழியாக வந்துவிடுவதால் உடனே இடம் காட்டும். லாகருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் ஊர் போய் இறங்கியதும் நான் அதை ஆன் செய்து வெட்டவெளியில் ஒரு கல் மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். பைக்குள் போட்டுக்கொண்டு உடனே நடக்க ஆரம்பித்தால் முதல் பத்து படத்துக்கு இடம் கிடைக்காமல் போகலாம்.

லாகர் எழுதுகிற கோப்பு பெரும்பாலும் ஜிபிஎக்ஸ் வடிவத்தில் இருக்கும் அல்லது அதற்கு மாற்றிக்கொள்ளலாம். திறந்து பார்த்தால் வெறும் எழுத்துதான், புள்ளி புள்ளியாக இடமும் நேரமும். 2006-ல் சோனி வெளியிட்ட ஜிபிஎஸ்-சிஎஸ்1 என்ற லாகர் 15 விநாடிக்கு ஒரு புள்ளி எழுதியது. நடந்துபோகிறவர் 15 விநாடியில் 20 மீட்டர் போவார், அது பரவாயில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பஸ் 250 மீட்டர் போய்விடும். நடுவில் எடுத்த படத்துக்கு மென்பொருள் என்ன செய்கிறது என்றால், முன்னும் பின்னுமுள்ள இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து, நேர விகிதப்படி கோட்டில் ஓர் இடத்தைக் குறிக்கிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைத்தான் நான் பயன்படுத்துகிறேன், அரை மணிக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் அது அப்படிக் கோடு போடாது. மலைப்பாதை வளைவுகளில் இந்த நேர்கோடு பள்ளத்தாக்கைக் குறுக்கே தாண்டிவிடும், ஆகவே வண்டியில் போகும்போது ஒரு விநாடி, இரண்டு விநாடி இடைவெளி வைப்பதே நல்லது.

இப்போது முக்கியமான தொல்லைக்கு வருவோம்: கேமராவின் கடிகாரம்.

லாகரின் நேரம் சரி. கேமராவின் நேரம் நாம் கையால் வைத்தது. லாகரோடு போன முதல் பயணத்தில் கேமரா நான்கு நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நிமிடம் என்றால் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு கல்லிலும் கடைசியாக எடுத்த படங்களெல்லாம் வரைபடத்தில் அடுத்த ஊர் ஏரிக்கரைக்குப் போய்விட்டன. சரியாக வைத்தாலும் அது அப்படியே நிற்காது. உள்ளே இருக்கிற குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு 50 விநாடிக்கு மேல்.

அப்புறம் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஜிபிஎக்ஸ் கோப்பில் இருப்பது உலகப் பொது நேரம், கேமராவில் இருப்பது அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிற இந்திய நேரம். எக்ஸிஃப் என்ற படக்குறிப்பில் நேர மண்டலத்தை எழுத நெடுநாள் இடமே இல்லாமல் இருந்தது, 2016-ல்தான் சேர்த்தார்கள். இல்லாதபோது மென்பொருள் உங்கள் கணினியின் நேர மண்டலத்தையே எடுத்துக்கொள்ளும். கொழும்புக்குப் போனால் தொல்லை இல்லை, அங்கேயும் இதே ஐந்தரைதான். சிங்கப்பூர் போய்க் கேமராவை எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிற அந்த ஊர் நேரத்துக்கு மாற்றி, ஊர் திரும்பி நம் கணினியில் இணைத்தால் எல்லாப் படமும் இரண்டரை மணி நேரம் தள்ளிப் போகும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வைத்தியம் உண்டு. கேமராவில் நேரத்தை மாற்றவே வேண்டாம். காலையில் முதல் படமாக, விநாடியோடு நேரம் காட்டுகிற லாகர் திரையையோ போன் திரையையோ எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் படத்தில் தெரிகிற நேரத்தை உங்கள் கணினியின் மண்டல நேரத்துக்கு மாற்றி, அதற்கும் படக்குறிப்பில் இருக்கிற நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மென்பொருளிடம் சொன்னால் மண்டலம், பிசகு எல்லாமே ஒரே அடியில் சரியாகிவிடும். நாலைந்து நாள் பயணம் என்றால் கடைசி நாளும் ஒன்று எடுங்கள்.

பழைய லாகரை செகண்ட்ஹேண்டில் வாங்குபவர்கள் தேதியையும் பாருங்கள். செயற்கைக்கோள் தேதியை இத்தனையாவது வாரம் என்ற எண்ணாகத்தான் அனுப்புகிறது. அந்த வார எண்ணுக்கு 10 பிட்தான் இடம், 1023-க்கு அடுத்து பூஜ்யம். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அது பூஜ்யத்துக்குத் திரும்பியது. இதற்குத் தயாராக இல்லாத கருவி 7,168 நாள் பின்னால் தேதி காட்டும், இடம் சரியாக இருந்தும் ஒரு படம்கூட இணையாது.

இணைந்த பிறகு படத்துக்குள் இடம் பாகை, நிமிடம், விநாடி என்று மூன்று பின்னங்களாகப் போய் உட்கார்கிறது. 30.25 விநாடி என்றால் 3025-ம் 100-ம் தனித்தனியாக எழுதப்படும். அட்சரேகையில் ஒரு விநாடி சுமார் 31 மீட்டர், ஆக இரண்டு தசம இடம் நமக்குத் தாராளம். உயரத்தை மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள். ஜிபிஎஸ் கணக்கிடுவது கணித வடிவான ஒரு நீள்வட்டப் பரப்பிலிருந்து உயரம், தமிழ்நாட்டில் உண்மையான கடல்மட்டம் அந்தப் பரப்புக்குக் கீழே ஏறத்தாழ 80 முதல் 100 மீட்டர் வரை இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் நமக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைவாக உள்ள பெரிய பகுதி இருப்பதுதான் காரணம். திருத்தம் செய்யாத கருவி மெரினாவில் மைனஸில் காட்டினால் அது பழுதில்லை.

எழுதப்படுவது நீங்கள் நின்ற இடம், படத்தில் தெரிகிற பொருளின் இடம் இல்லை. தூரத்து மலையை எடுத்தால் மலையின் இடம் கிடைக்காது. நடுகல்லுக்குக் கிட்டே போய்த்தான் எடுக்கிறோம் என்பதால் இது பெரிதாகத் தெரியாது, வெட்டவெளியில் சில மீட்டருக்குள் வந்துவிடும். கல்மண்டபத்துக்குள் சமிக்ஞையே வராது, பெரிய பாறைச் சரிவை ஒட்டி நின்றால் பாறையில் பட்டுத் திரும்புகிற அலையால் புள்ளி தள்ளிப் போகும். அந்த மாதிரி இடத்தில் வெளியே வந்து ஒரு படம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

வெளியில் போடுகிற படத்தில் மட்டும் இந்தக் குறிப்பை நான் நீக்கிவிடுகிறேன். காவல் இல்லாத கொல்லையில் தனியாக நிற்கிற கல் அது, யார் வேண்டுமானாலும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே கூடப் போகும். மூலப்படங்களை இடத்தோடு இரண்டு வன்தட்டில் வைத்திருக்கிறேன். இந்த மாசியில் மறுபடியும் செங்கம் போகிறேன், அந்தக் கல்லைத் தேடி ஏரிக்கரை ஏரிக்கரையாக விசாரிக்க வேண்டும். இந்தத் தடவை லாகர் கூட வருகிறது.