ட்ரிபியூட் ஆல்பம்: திறையா, அஞ்சலியா, காணிக்கையா?

முன்னோடிக் கலைஞர் ஒருவரின் பாடல்களையோ பாணியையோ எடுத்துக்கொண்டு, பின்னால் வந்தவர் ஒரு முழுத் தொகுப்பையே அவருக்கென்று வாசித்துத் தருவதுதான் ட்ரிபியூட் ஆல்பம். ஜாஸ் கிதார்க்காரர்களிடம் இந்த வழக்கம் அதிகம். ஜோ பாஸ் 1964இல் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டுக்காக ‘ஃபார் ஜாங்கோ’ தந்தார். எமிலி ரெம்லர் 1988இல் வெஸ் மான்ட்கோமரிக்காக ‘ஈஸ்ட் டு வெஸ்’ தந்தார்.

சொல்லின் பூர்வீகத்தில் இந்தப் பணிவு கிடையாது. லத்தீன் ‘ட்ரிபியூட்டும்’ வரியைக் குறித்தது. பங்கிட்டு ஒதுக்குவதைச் சொல்லும் ‘ட்ரிபுவெரே’ என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்திலும் முதலில் அது சிற்றரசன் பேரரசனுக்குக் கட்டிய கப்பம்தான். மனமுவந்து செய்யும் மரியாதை என்ற பொருள் பிறகுதான் ஏறியது. பழைய பொருளுக்கு நம்மிடம் அச்சு அசலான சொல் உண்டு: திறை. கலிங்கத்துப்பரணியில் கலிங்க மன்னன் திறை செலுத்தத் தவறியதால்தான் கருணாகரத் தொண்டைமான் படையோடு புறப்படுகிறான். அகராதியை நம்பி ‘திறைத் தொகுப்பு’ என்று எழுதினால், வெஸ் மான்ட்கோமரி படையெடுத்து வந்து வசூலித்தது போலாகிவிடும்!

‘ஆல்பம்’ சிக்கலில்லாதது. ரோமில் பொது அறிவிப்பு எழுதிய வெண்பலகை அது. பிறகு படம் ஒட்டும் ஏடானது. பல இசைத்தட்டுகளை ஏடுபோலச் சேர்த்து விற்றபோது இசைக்கும் வந்தது. இசைத்தொகுப்பு என்பதே போதும்.

ட்ரிபியூட்டுக்குப் பலர் கை போவது ‘அஞ்சலி’யிடம். கூப்பிய கையைக் குறிக்கும் வடசொல் அது. ஆனால் சுவரொட்டிகளில் ‘கண்ணீர் அஞ்சலி’ பார்த்துப் பழகியவர்களுக்கு அதில் சாவு வீட்டு வாசம் அடிக்கும். உயிரோடிருப்பவருக்கும் ட்ரிபியூட் ஆல்பம் வருவதுண்டே.

‘நினைவேந்தல்’ நல்ல சொல், மறைந்தவர்களுக்கு மட்டும். அது கச்சிதமாகப் பொருந்தும் ஓர் ஆல்பம் உண்டு. ஃபிலடெல்பியாவின் ஜாஸ் கிதார்க்காரர் பாட் மார்ட்டினோ 1972இலேயே ‘தி விசிட்’ என்ற தொகுப்பை வெஸ்ஸுக்கென்று வாசித்திருந்தார். 1980இல் மூளை அறுவை சிகிச்சை. நினைவு பெருமளவு போயிற்று. தம்முடைய பழைய பதிவுகளையே கேட்டுக் கிதாரை மீண்டும் கற்றார். அந்த மனிதர் 2006இல் வெளியிட்ட வெஸ் தொகுப்பின் பெயர் ‘ரிமெம்பர்’. ‘ஃபோர் ஆன் சிக்ஸ்’, ‘வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்’ என வெஸ்ஸின் பாடல்கள் அதில் உண்டு. வெஸ் கட்டை விரலின் சதையால் மீட்டியவர். மார்ட்டினோவோ தடித்த தந்திகளைப் பிக் என்ற சிறு வில்லையால் மீட்டியவர். பாட்டு அவருடையது, கை இவருடையது. ட்ரிபியூட் என்பது நகல் அல்ல என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பொதுப்பெயராக என் ஓட்டு ‘காணிக்கை’க்கு. ‘காண்’ அடியில் பிறந்த சொல். பெரியவரைக் காணும்போது விரும்பிக் கொடுப்பது. கட்டாயம் இல்லை, உயிரோடிருப்பவருக்கும் பொருந்தும், புத்தகங்களின் முதல் பக்கத்தில் ஏற்கெனவே பழகியது. ‘வெஸ் மான்ட்கோமரிக்கு இசைக்காணிக்கை’ என்றால் உறுத்தவில்லை. ஒரே ஒரு பாட்டை எடுத்து வாசித்தால் மறுவாசிப்பு என்றாலே போதும். மேடையில் இன்னொருவரைப் போலவே உடுத்தி, அப்படியே வாசிக்கும் ‘ட்ரிபியூட் பேண்ட்’டுக்கு மட்டும் இந்தச் சொல்லைத் தர மனமில்லை, அது நகலிசைக் குழு.