தேங்காய் உரிக்கும் கம்பியும் பருத்திக்காட்டு மருந்தும்

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பா 25 வருடமாகப் பருத்திக்கு மருந்து அடிக்கிறார். தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. போன வாரம் தொடர்ந்து மூன்றாவது நாள் அடித்தபோது, இரண்டாவது டேங்க் முடியும் முன்பே வரப்பில் சாய்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்தோம். பழகிய உடம்புக்கு ஏன் இப்படி ஆனது?"

அவர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார் என்பதால் நிதானமாகப் பதில் சொல்லலாம். வில்லங்கம் "பழகிய உடம்பு" என்பதில்தான் இருக்கிறது.

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்புவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக. இது பள்ளியில் படித்ததுதான். கட்டளை போய்ச் சேர்ந்ததும் அந்த அசிட்டைல்கோலினை உடனே உடைத்து அப்புறப்படுத்த வேண்டும். இல்லையென்றால் அது தசையைத் தட்டிக்கொண்டே இருக்கும். உடைக்கும் வேலையைச் செய்யும் நொதிக்கு அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்று பெயர்.

இந்த நொதியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தேங்காய் மண்டியில் நட்டுவைத்த உரிக்கும் கம்பிதான் ஞாபகம் வரும். உரிப்பவர் காயை ஓங்கிக் குத்துவார், ஒரு திருகு, மட்டை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம்; கம்பி அடுத்த காய்க்குத் தயார். நொதியின் நடுவிலும் அப்படி ஒரு கம்பி உண்டு. செரீன் என்ற அமினோ அமிலம். ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலினை உரித்துத் தள்ளுகிறது. உடம்பில் இதைவிட வேகமான வேலையாள் அதிகம் இல்லை.

மோனோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளும் அதே கம்பியில்தான் வந்து குத்திக்கொள்கின்றன. ஆனால் லேசில் கழன்று வருவதில்லை. புழுவுக்கும் நமக்கும் கம்பி ஏறக்குறைய ஒன்றே என்பதால் புழு சாகும் வழியிலேயே மனிதனும் சாகிறான். எச்சில் வழிகிறது, கண்ணீர் கொட்டுகிறது, நுரையீரலில் சளி நிரம்புகிறது, தசை துடிதுடித்துப் பிறகு ஓய்ந்துபோகிறது. வெயிலில் மயங்கியவருக்கும் வியர்க்கும், வாந்தி வரும். ஆனால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்காது. வாசகி அன்று அப்பாவின் கண்ணைப் பார்த்திருந்தால் மோர்ச் சொம்பைக் கீழே வைத்திருப்பார்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு இதில் வியப்பான இடம். கம்பியில் சிக்கிய மட்டையை வெளியே இழுக்கப் பிராலிடாக்சிம் என்ற மாற்று மருந்து இருக்கிறது. இழுக்கப் பிடி வேண்டுமே? நேரம் ஆக ஆக, சிக்கிய மூலக்கூறிலிருந்து ஒரு துணுக்கு தானாக முறிந்து விழுகிறது. மிச்சம் கம்பியோடு இறுகிப்போய் எந்த மருந்தின் பிடிக்கும் அகப்படுவதில்லை. மோனோகுரோட்டோபாஸ் வகையில் பாதி நொதிகள் சுமார் 4 மணி நேரத்தில் இப்படி இறுகிவிடுகின்றன. குளோர்பைரிபாஸ் வகையில் ஒரு நாளுக்கு மேல் ஆகும். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியைத் தேடிப் போகும் நேரம் அந்த 4 மணியில்தான் கழிகிறது. திருநீறு பூசிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆம்புலன்சில் ஏறிய பிறகு பூசட்டும். சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் ஏற்றுவது அட்ரோபின்; நம் ஊமத்தையில் இருக்கும் அதே நஞ்சு, அளந்து கொடுக்கும்போது உயிர் காக்கிறது.

"வாயில் படவே இல்லையே" என்பார்கள். என் பெரியப்பா மருந்து அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். டேங்க் மூடி கசிந்து முதுகு வழியே இறங்கி, லுங்கி இடுப்போடு நனைந்திருக்கும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவார். அமெரிக்காவில் ஹோவர்ட் மைபாக் குழுவினர் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதத் தோலில் தடவி அளந்து 1971இல் வெளியிட்டார்கள். முன்கைத் தோல் வழியே உள்ளே போனது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நெற்றியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். விதைப்பையில் ஏறக்குறைய முழுவதும். கையுறை வாங்கியவர்கூட லுங்கியை மாற்றுவதில்லை. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாளில் சுமார் 20 பேர் பருத்திக்கு மருந்து அடித்தே இறந்தார்கள். அதே பருவத்தில் பெரம்பலூரிலும் சாவு விழுந்தது. மோனோகுரோட்டோபாஸை இலங்கை 1995லேயே தடை செய்திருந்தது.

இனி வாசகியின் கேள்வி. நொதி பாதியளவு தேயும்வரை பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. முதல் நாள் கொஞ்சம், இரண்டாம் நாள் கொஞ்சம் என்று கம்பிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே வந்திருக்கின்றன. மூன்றாம் நாள் இரண்டாவது டேங்க் கடைசி மூட்டை, அவ்வளவுதான். பழகியது உடம்பல்ல, கை.

அதே நொதி ரத்தச் சிவப்பணுவிலும் இருப்பதால் இந்தத் தேய்மானத்தை ரத்தத்தில் அளக்கலாம். கலிஃபோர்னியாவில் 1974லிருந்து மருந்து கையாளும் தொழிலாளிகளுக்கு அளக்கிறார்கள். சிவப்பணு நொதி அவரவர் வழக்கமான அளவில் 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் வேலையிலிருந்து விலக்கி, 80ஐத் தொட்ட பிறகே திரும்பச் சேர்க்கிறார்கள். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்ப்பதுபோல் பருத்திப் பருவத்தில் இதையும் பார்க்கலாம். ட்ரோனில் மருந்து தெளிக்கக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும் என்பது என் கட்சி.

அப்பா அடுத்த வாரமே மறுபடி இறங்குகிறேன் என்கிறாராம். சிவப்பணு தானாகப் புது நொதி செய்துகொள்ளாது. புது அணு பிறந்தால்தான் உண்டு. அது நாளுக்குச் சுமார் 1 விழுக்காடு. பாதி தேய்ந்திருந்தது என்றே வைத்துக்கொண்டாலும் 80ஐ எட்ட ஒரு மாதம். ஐப்பசியில் விழுந்தவர் கார்த்திகை தீபம் கழியும்வரை டேங்க்கைத் தொடக் கூடாது.